மில்காரர் ஒருவர் மான்செஸ்டரில் 3 நாள் என்ன பார்க்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூலையில் மனைவியோடு மான்செஸ்டர் வருகிறார். விழா போக 3 நாள் கையில் இருக்கிறது. கால்பந்து மைதானத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியானால் பேசாமல் எடின்பரோ போய்விடலாமா என்கிறார். ஐயா, இடங்களின் பட்டியல் வேண்டுமென்றால் மகளே தேடித் தந்துவிடுவார். இந்த ஊருக்கு 3 நாள் கொடுக்கத் தகுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. தகும், அதுவும் மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகமாகவே தகும் என்பது என் பதில். நானும் டெக்ஸ்டைல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து பல வருடமாகக் குடியிருப்பவன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைச் சுற்றிக்காட்டுவது எனக்கு இரண்டாவது உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் என் பார்வை மில்காரன் பார்வை, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது அழகான ஊர் இல்லை. கோட்டை, அரண்மனை, ஆற்றங்கரைப் பூங்கா என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கரி படிந்த செங்கல் கட்டடம், அதை ஒட்டியே 40, 50 மாடிக் கண்ணாடிக் கோபுரம், நடுவில் தலைக்கு மேல் ரயில் பாலம், கீழே அழுக்கு நிறத்தில் கால்வாய், இதுதான் ஊர். இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் யாரோ வேலை செய்த இடங்கள், அல்லது வேலை செய்தவர்கள் சண்டை போட்ட இடங்கள். ராஜாக்களுக்கு இந்த ஊரில் பெரிய பங்கு இல்லை. நம்ம ஊருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பட்டம் கொடுத்தவர்கள் இந்த ஊரை நேரில் பார்த்திருந்தார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, ஏனென்றால் மான்செஸ்டர் நகரத்துக்குள்ளே மில்லைவிடப் பெரிய சங்கதி வியாபாரம். நூற்பது சுற்றுப்புறத்தில் ஓல்டாம், போல்டன் பக்கம், நெய்வது இன்னும் வடக்கே பிளாக்பர்ன், பர்ன்லி பக்கம், விலை பேசுவதும் துணியை அடுக்கி வைத்து உலகத்துக்கு அனுப்புவதும் மான்செஸ்டரில். நகரத்துக்குள்ளும் மில்கள் நிறைய இருந்தன, ஆனால் ஊரின் முகத்தை வடித்தவை கிடங்குகளும் சந்தையும்தான்.

அதனால் முதல் நாளை ராயல் எக்ஸ்சேஞ்சில் தொடங்குங்கள். பஞ்சும் நூலும் துணியும் விலை பேசிய மண்டபம் அது. 1968 டிசம்பர் 31 அன்று வியாபாரம் நின்றது. கடைசி நாள் விலைகள் எழுதிய பலகையை இன்றும் சுவரில் உயரத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், பஞ்சு விலை ஏறி இறங்கியதில் வாழ்க்கை ஏறி இறங்கியவர்களுக்கு அது வெறும் பலகையாகத் தெரியாது. இப்போது அந்த மண்டபத்துக்குள் ஒரு நாடக அரங்கம் இருக்கிறது, 1976இல் திறந்தது. அதன் முழு எடையைத் தரை தாங்காது என்பதால் மண்டபத்தின் பெரிய தூண்களிலிருந்தே தொங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். நாடகம் பார்க்காவிட்டாலும் அந்தக் கட்டுமானத்தைப் பாருங்கள். அங்கிருந்து போர்ட்லேண்ட் தெருவுக்கு நடந்தால் வாட்ஸ் கிடங்கு வரும், 1850களில் துணி மொத்த வியாபாரத்துக்காகக் கட்டியது, இப்போது ஓட்டல். ஒரு மாடி இத்தாலியப் பாணி, ஒரு மாடி பிரெஞ்சு, ஒரு மாடி எலிசபெத் ராணி காலத்துப் பாணி என்று மாடிக்கு மாடி அலங்காரம் மாறும். வாங்க வருகிறவன் வாசலிலேயே அசந்துபோக வேண்டும் என்பது கணக்கு. துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பிக்கடில்லி ரயில் நிலையத்துக்கு வடக்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஆன்கோட்ஸ். ரோச்டேல் கால்வாயின் ஓரமாக மில்கள் வரிசையாக நிற்கும். அதில் மர்ரே மில்லின் பழைய பகுதி 1798இல் கட்டியது, நீராவியில் ஓடிய நகரத்து நூற்பாலைகளில் இன்றும் நிற்கிற மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. எதற்குள்ளும் இயந்திரம் கிடையாது, எல்லாம் அடுக்குமாடி வீடாகிவிட்டன, கீழே காபிக்கடை. ஊரில் மூடிய மில் இருந்த இடம் ஷாப்பிங் மால் ஆனதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனாலும் கட்டடத்தை இடிக்காமல் விட்டார்களே என்று தோன்றும். ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள், எரிவாயு விளக்குக்கு முந்தைய வெளிச்சக் கணக்கு அதில் தெரியும்.

இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் லிவர்பூல் ரோட்டில் இருக்கும் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அனுமதி இலவசம். அங்கே துணிப் பிரிவில் குறிப்பிட்ட நேரங்களில் பழைய இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவார்கள், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலிருந்து தறி வரைக்கும். நேரம் நாளுக்கு நாள் மாறும், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தறி ஓடத் தொடங்கியதும் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள், நீங்கள் மட்டும் சிரிப்பீர்கள். இன்னொரு விஷயம், அந்த அருங்காட்சியகம் இருப்பதே ஒரு ரயில் நிலையத்தில். 1830 செப்டம்பர் 15 அன்று திறந்த லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதையின் முனையம் அது, இன்றும் நிற்கிற பயணிகள் ரயில் முனையங்களில் உலகிலேயே பழையது. எதிரே இருக்கும் அதே 1830 வருடத்துக் கிடங்கைத் தவறவிடாதீர்கள், அமெரிக்கப் பஞ்சு லிவர்பூலில் இறங்கி இங்கே ரயிலில் வந்தது. வளாகத்தின் சில பகுதிகளில் அவ்வப்போது பழுதுபார்ப்பு நடக்கும், அதனால் எது திறந்திருக்கிறது என்று கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வெளியே வந்து தெற்கே இறங்கினால் காசில்ஃபீல்டு, கால்வாய்கள் சந்திக்கிற இடம். 1761இல் வர்ஸ்லி சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுவந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அது வந்த பிறகு ஊரில் நிலக்கரி விலை ஏறக்குறைய பாதியானது. பக்கத்தில் ரோமானியக் கோட்டை வாசல் ஒன்று நிற்கும். அதைப் பார்த்து 2000 வருடப் பழையது என்று மயங்க வேண்டாம், கோட்டை இருந்தது நிஜம், வாசல் 1980களில் திரும்பக் கட்டியது.

நீங்கள் கண்டிப்பாகக் கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது, பஞ்சு விளையாத ஊரில் பஞ்சாலை எப்படி வந்தது? வழிகாட்டிகள் எல்லாரும் ஈரக்காற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அறுந்த நூலை ஒட்டும் பீசிங் போட்டே நாள் முழுக்க ஷிஃப்ட் தீரும், இது உங்களுக்குத் தெரியாததா. அதுவரை சரி. ஆனால் ஈரம் மட்டுமே காரணம் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. அவ்வளவு ஈரமான ஊரிலும் நெசவுக் கூடங்களுக்குள் செயற்கையாக நீராவி விட்டார்கள், அதை நிறுத்தச் சொல்லித் தொழிலாளர்கள் போராடியும் இருக்கிறார்கள். பென்னைன் மலையிலிருந்து ஓடிவந்த ஓடைகள், சாயத்துக்கும் சலவைக்கும் ஏற்ற உப்பில்லாத தண்ணீர், காலடியில் நிலக்கரி, பக்கத்தில் துறைமுகம், ஏற்கனவே வீட்டில் நூற்று நெய்து பழகிய ஜனங்கள், இத்தனையும் சேர்ந்துதான். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றுக்காரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மழையைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உண்டு. ஆண்டுக்கு இங்கே பெய்வது 800 மில்லிமீட்டர் சொச்சம், சென்னையில் இதைவிட எவ்வளவோ அதிகம். வித்தியாசம் என்னவென்றால், சென்னை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை இது வருடத்தில் 150 நாள் வைத்துச் சொட்டும்.

இந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தையும் பார்க்காமல் போகக்கூடாது. அந்தப் பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் பறித்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கித் துறைமுகங்கள் அடைபட்டதும் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்து மில்கள் நின்றன, லட்சக்கணக்கானோர் சோற்றுக்கு வழியில்லாமல் ஆனார்கள். அப்போது இந்தியப் பஞ்சை இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். இங்கே அதற்குச் சூரத் பஞ்சு என்று பேர், தொழிலாளர்கள் அதைத் திட்டாத திட்டில்லை, இழை குட்டை, தூசி அதிகம், அமெரிக்கப் பஞ்சுக்கு அமைத்த இயந்திரத்தில் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அந்த நிலைமையிலும் 1862 கடைசி நாளில் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள், அவரும் 1863 ஜனவரியில் பதில் எழுதினார். டவுன் ஹாலுக்கு அருகே லிங்கன் சதுக்கத்தில் அவர் சிலை நிற்பது அதனால்தான், பீடத்தில் அந்தப் பதிலிலிருந்து வரிகள் இருக்கும். லங்காஷயர் முழுக்க ஒரே மனதாக லிங்கன் பக்கம் நின்றது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், தென்மாநிலங்கள் ஜெயித்தால் பஞ்சு வரும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

நம்முடைய பங்கு இன்னும் நேரடியானது. முதல் உலகப் போருக்கு முந்தைய வருடம், 1913இல், பிரிட்டனிலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணி ஏறக்குறைய 700 கோடி கஜம், அதில் சுமார் 300 கோடி கஜம் இந்தியாவுக்கு. அந்நியத் துணிப் புறக்கணிப்பு எங்கே அடித்தது என்று இந்த இரண்டு எண்களே சொல்லும். 1931இல் காந்தி லண்டன் வந்தபோது லங்காஷயருக்கும் வந்து, டார்வென் ஊரில் வேலையில்லாமல் இருந்த மில் ஜனங்களைச் சந்தித்தார். மில் பெண்கள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மான்செஸ்டர் பேராலயத்துக்கு வெளியே 2019இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அப்புறம் இன்னொன்று, ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி செய்த இயந்திரங்கள் இந்திய மில்களுக்கு ஏராளமாக வந்தன. இங்கே துணி விற்றவன் அழுதான், இயந்திரம் விற்றவன் சிரித்தான்.

இரண்டாம் நாளை நூலகங்களுக்கும் போராட்டங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நூலகமா என்று உங்கள் வீட்டம்மா முகம் சுளிக்கலாம். டீன்ஸ்கேட்டில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சுளிப்பு போய்விடும், அதற்கு நான் பொறுப்பு. பருத்தி வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த ஜான் ரைலண்ட்ஸ் இறந்தபின் மனைவி என்ரிகெட்டா அவர் நினைவாகக் கட்டியது, 1900 ஜனவரி 1 முதல் பொதுமக்களுக்குத் திறந்தது. கணவனுக்காகக் கட்டிய தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும், அவ்வளவு உயரமான கல் வளைவுகள், வண்ணக் கண்ணாடி. யோவான் நற்செய்தியின் மிகப் பழைய துண்டு ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் பாப்பிரஸ் என்ற பழங்காலத் தாள், இந்த நூலகத்துக்குச் சொந்தம். செத்தம் நூலகம் அதைவிடப் பழையது, 1653இல் தொடங்கியது, கட்டடம் 1421ஆம் வருடத்தது. 1845 கோடையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் உட்கார்ந்து படித்த ஜன்னலோர மேஜை அங்கே இருக்கிறது. இது வழிகாட்டிகளின் கற்பனை அல்ல, அந்த மேஜையையும் வண்ண ஜன்னலையும் எங்கெல்ஸ் 25 வருடம் கழித்து மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்துகிறார். எங்கெல்ஸ் இங்கே வந்ததே அப்பாவுக்குப் பங்கிருந்த பஞ்சாலையைக் கவனிக்கத்தான், மில் பணத்தில் மார்க்ஸுக்குப் படியளந்தவர். செத்தம் வளாகத்தில் இசைப் பள்ளி ஒன்றும் இருப்பதால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, முன்பதிவு செய்து அவர்களோடு சுற்ற வேண்டும்.

மத்தியில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம். இந்த வட்டாரத்தில்தான் 1819 ஆகஸ்ட் 16 அன்று ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடினார்கள், குதிரைப்படை வாளோடு புகுந்தது. இறந்தவர் எண்ணிக்கையை 15 என்றும் 18 என்றும் பலவாறு சொல்வார்கள், எந்த மரணத்தைச் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு, காயம்பட்டவர்கள் பல நூறு பேர் என்பதில் சந்தேகமில்லை. வாட்டர்லூ போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது, அதைக் கிண்டலாகச் சேர்த்துப் பீட்டர்லூ என்றார்கள். 2019இல் வைத்த நினைவுச்சின்னம் வட்டப் படிக்கட்டாக இருக்கும், இறந்தவர்களின் பெயர்களும் ஊர்களும் கல்லில் செதுக்கியிருக்கும், அதில் நெசவாளர்கள் நிறைய. உச்சிக்குச் சக்கர நாற்காலியில் ஏற வழியில்லாமல் கட்டிவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்கள், அது வேறு கதை. சதுக்கத்திலேயே எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் சிலை, நாற்காலி மேல் ஏறி நின்று பேசுவது மாதிரி. பெண்கள் ஓட்டுரிமைக்கான அவருடைய சங்கம் 1903இல் நெல்சன் தெரு வீட்டில் தொடங்கியது, அது இப்போது சிறு அருங்காட்சியகம், மகளின் பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டுப் பக்கம்தான். டவுன் ஹால் 1877இல் கட்டியது, ஊரின் மிக அழகான கட்டடம் என்பேன். 2018இல் பழுதுபார்க்க மூடினார்கள், வேலை இழுத்துக்கொண்டே போனது. நீங்கள் வரும்போது திறந்திருந்தால் உள்ளே தரையில் பதித்த தேனீக்களைப் பாருங்கள். குப்பைத்தொட்டி முதல் பேருந்து வரை ஊர் முழுக்க நீங்கள் பார்க்கப்போகும் தேனீ அதுதான், உழைப்பின் அடையாளமாக நகரத்தின் சின்னத்தில் 1842இலேயே சேர்த்தார்கள்.

வழியில் காதில் விழும் சில கதைகளை அப்படியே விழுங்க வேண்டாம். மிட்லேண்ட் ஓட்டலில் 1904இல் பின்னாளில் கார் கம்பெனி தொடங்கிய ரோல்ஸும் ராய்ஸும் சந்தித்தது நிஜம். அதே ஓட்டலை ஹிட்லர் தன் தலைமையகமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான், அதனால்தான் குண்டு போடவில்லை என்பார்கள், அதற்கு உருப்படியான சான்று எதுவும் நான் பார்த்ததில்லை. சாக்வில் பூங்காவில் கணினி முன்னோடி ஆலன் டூரிங் கையில் ஆப்பிளோடு சிலையாக உட்கார்ந்திருப்பார், ஆப்பிள் கம்பெனியின் சின்னம் அவர் நினைவாகத்தான் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள், சின்னத்தை வரைந்தவரே இல்லை என்று சொல்லிவிட்டார். நினைவகத்தில் புரோகிராமைச் சேமித்து ஓட்டிய முதல் கணினி 1948 ஜூன் 21 அன்று இங்கே ஓடியது, அதைக் கட்டியவர்கள் வில்லியம்ஸும் கில்பர்னும், டூரிங் அதன் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தார். அந்தக் கணினியின் மாதிரி மேலே சொன்ன அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்ப்பரேஷன் தெருவில் ஒரு சிவப்புத் தபால் பெட்டியைக் காட்டி 1996 குண்டுவெடிப்பில் தப்பியது என்பார்கள், அது உண்மை. அன்று 200 பேருக்கு மேல் காயம்பட்டும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கால்பந்து பற்றி என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, இரண்டு கிளப்பும் மைதானத்தைச் சுற்றிக்காட்டுகிறார்கள், டிக்கெட் மலிவல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கிரிக்கெட் பிடிக்குமென்றால், யுனைடெட் கால்பந்து மைதானத்தின் பேரிலேயே இன்னொரு ஓல்ட் டிராஃபோர்டு இருக்கிறது, டிராமில் போய் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். சச்சின் 1990இல் முதல் டெஸ்ட் சதம் அடித்தது அங்கே. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதும் அங்கேதான், அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை.

மூன்றாம் நாள் முழுக்க குவாரி பேங்க் மில்லுக்கு. மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டையல் கிராமத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்கில், சாமுவேல் கிரெக் 1784இல் தொடங்கியது, தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. நூற்பும் நெசவும் ஓட்டிக் காட்டுவார்கள். நீங்கள் இன்றைய நூற்பு இயந்திரமான ரிங் ஃபிரேமோடு வாழ்ந்தவர், இங்கே அதற்கு முந்தைய ஸ்பின்னிங் மியூலைப் பாருங்கள், கதிர்கள் ஏறிய வண்டி வெளியே வரும்போது நூலை முறுக்கிவிட்டு உள்ளே போகும்போது சுற்றிக்கொள்ளும். 1779இல் போல்டன் ஊர்க்காரர் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கியது. அந்த வண்டி உள்ளே போகும் நேரத்துக்குள் அடியில் புகுந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்கியவர்கள் பிள்ளைகள். அனாதைப் பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்து தங்கவைத்த வீடும் அங்கேயே இருக்கிறது, நேரம் குறித்து உள்ளே அழைத்துப்போவார்கள். கிரெக் குடும்பத்துக்கு டொமினிகா தீவில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டம் இருந்ததையும் இப்போது மறைக்காமல் சொல்கிறார்கள். தோட்டம், நடைபாதை எல்லாம் அழகாக இருக்கும், ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாகப் போக வேண்டும். ரயில் அந்தப் பக்கம் குறைவு, விமான நிலையம் வரை ரயிலில் அல்லது டிராமில் போய் அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது சுலபம்.

நகரத்துக்குள் பெரும்பாலும் நடந்தே போய்விடலாம், டிராமில் வங்கி அட்டையை ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் நிறுத்தத்து இயந்திரத்தில் தொட மறக்காதீர்கள், ஒன்றை விட்டாலும் காசு கூடப் போகும். ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் அருங்காட்சியகங்கள் மாலை ஐந்துக்கே சாத்திவிடும், அதனால் உள்ளே பார்ப்பதைக் காலையிலும் ஆன்கோட்ஸ், காசில்ஃபீல்டு நடையைச் சாயங்காலத்திலும் வையுங்கள். கறி மைல் என்று வில்ம்ஸ்லோ ரோட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே பாகிஸ்தானி, அரபுச் சாப்பாடு நன்றாக இருக்கும், இட்லி தோசை தேடிப் போகாதீர்கள். எடின்பரோ அருமையான ஊர், மறுக்கவில்லை. ஆனால் ரயிலில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், கோடையில் அறை வாடகையும் எகிறிவிடும். அதற்குத் தனியாக இரண்டு நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் போங்கள், இந்த மூன்றிலிருந்து எடுக்காதீர்கள்.